நெட்டோட்டமும் தொழில் உயர்வும்

தொழிலில் உயர விரும்பும் இளைஞர்க்கு நாம் வழக்கமாகக் கூறும் அறிவுரை விடாமுயற்சி என்பதே. அவ்வறிவுரை பிழையன்று, ஆயின் முழுமையானதுமன்று. முயற்சியைக் கைவிடாதோரும் இடைவழியில் வீழ்வதுண்டு. அஃது ஏன் என்பதை நெட்டோட்டம் தெளிவாக உணர்த்துகின்றது.

நூறு மீற்றர் ஓடுவோன் தன் வலிமை முழுவதையும் ஒருங்கே செலவிடலாம். 42.195 கிலோமீற்றர் தூரமுடைய மரதன் ஓட்டத்தில் அஃது இயலாது. நம் தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோசன் என்னும் எரிபொருள் ஓரளவே சேமிக்கப்பட்டுள்ளது. வேகம் மிகுந்தால் அச்சேமிப்பு விரைந்து கரையும். உடலிற் கொழுப்பு மிகுதியாயிருப்பினும் அதிலிருந்து ஆற்றல் மெதுவாகவே கிடைக்கும். தொடக்கத்தில் விரைந்தோடிய பலர் 30 கிலோமீற்றர் அளவில் கால் தளர்ந்து தடுமாறுவதற்குக் காரணம் இதுவே. ஆகவே நெட்டோட்டத்தின் உயிர்நாடி ஆற்றலைப் பங்கிட்டுச் செலவிடுதலாகும்.

1908 இல் இலண்டன் மாநகரில் நடைபெற்ற ஒலிம்பிக் மரதன் இதற்குச் சான்று. இத்தாலி நாட்டவரான டொராண்டோ பியெத்திரி, முன்னே சென்றவர் தளர்ந்துவிட்டார் என்றறிந்ததும் அவரைப் பிடிக்க விரைந்தார், முந்தியும் விட்டார். ஆயின் விளையாட்டரங்கினுள் முதல்வராய் நுழைந்தவர் பன்முறை வீழ்ந்தார். எஞ்சிய சிறு தூரத்தைக் கடக்க அவருக்கு ஏறத்தாழ 10 நிமிடம் சென்றது. பிறர் தாங்கி உதவியமையால் வெற்றி மறுக்கப்பட்டது. தொடக்கத்தில் நிதானமாக ஓடிவந்த அமெரிக்கர் ஜொனி ஹேய்ஸ் பரிசு பெற்றார். பியெத்திரிக்கு விடாமுயற்சி இல்லையென்று யார் கூறுவர்? அவரிடம் முடிவுவரை எஞ்சாது போனது ஆற்றலே.

2023 இல் சிக்காகோ நகரில், 2024 இல் மறைந்த கென்யா நாட்டு வீரர் கெல்வின் கிப்டம் 2 மணி 35 செக்கனில் ஓடி உலக சாதனை நிலைநாட்டினார். முற்பாதிக்கு அவர் எடுத்தது 60 நிமிடம் 48 செக்கன். பிற்பாதிக்கு 59 நிமிடம் 47 செக்கன். பிற்பாதியே விரைவானது! நிதானத்தைச் சோம்பலென மயங்கற்க. பயிற்சிக் காலத்தில் அவர் வாரத்துக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் ஓடியவர்.

உத்தியோகமும் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் நீளும் ஓட்டமன்றோ? உடன் கற்றோரை முந்துவதே குறியாக, உறக்கமும் குடும்பமும் நூற்பயிற்சியும் துறந்து முதற் பத்தாண்டுகளில் உழைப்போர் பலர். பொறுப்பு மிகும் ஐம்பதாம் வயதில் அவர்கள் கைமுதலின்றி நிற்கின்றனர். நெட்டோட்டக்காரன் பிறன் வேகத்தையன்றித் தன் வேகத்தையே அளந்து ஓடுகின்றான். களைக்குமுன்னரே வழியில் இனிப்புநீர் அருந்துகின்றான். அவ்வாறே பட்டமும் சான்றிதழும் பெற்ற பின்னரும் ஆசிரியர் புதுநூல் கற்றலும், மருத்துவர் புதிய சிகிச்சை முறை பயிலலும் வழியுணவாகும். ஓய்வும் அத்தகையதே.

பங்கிட்டு ஓடியும் பின்தங்கினால் யாது செய்வது என்னும் வினா எழலாம். அதற்கு நம் நாட்டவர் ஒருவரே விடை தந்துள்ளார். 1964 இல் ரோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடிய ரணதுங்க கருணானந்த, பிறர் யாவரும் முடித்த பின்னரும் தனியராய் எஞ்சிய சுற்றுகளை ஓடி முடித்தார். கடைசியாய் வந்த அவருக்கு அரங்கம் ஆர்ப்பரித்தது. யப்பானியப் பாடநூலிலும் அவ்வரலாறு இடம்பெற்றது. ஏற்ற பணியை முடித்தலும் ஓர் உயர்வே என்பதை அம்மக்கள் உணர்ந்தனர்.

மாணவர்களே! பரீட்சைப் பெறுபேறு ஓட்டத்தின் முதல் மைற்கல் மட்டுமே. அதில் முந்தியோர் செருக்கவும் வேண்டா. பிந்தியோர் சோரவும் வேண்டா. பழைய மாணவர்களே! உங்களுட் பலர் இன்று ஓட்டத்தின் நடுப்பகுதியில் நிற்கின்றீர்கள். கைதட்டுவோர் குறைவாயுள்ள பகுதி அதுவே. வேகத்தைச் சற்றே அளந்து, கற்பதைத் தொடர்ந்து, பிற்பாதிக்கு வலிமை வைத்து ஓடுங்கள்.