அரைச் சீட்டின் கணக்கு

தில்லியில் சீட்டுக்குப் பெயர் ‘கமேட்டி’. ஏலம் கேட்பது ‘போலி’. பெயரைத் தள்ளிவிட்டால் நம்மூர் ஏலச்சீட்டேதான். கரோல் பாகிலோ மயூர் விஹாரிலோ குடியேறிய தமிழர் புதிதாகக் கற்க அதில் எதுவுமில்லை.

ஒரு சீட்டைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 6,000 ரூபாய், 10 சீட்டு, 10 மாதம். சீட்டுத் தொகை 60,000. எல்லோராலும் முழுச் சீட்டு கட்ட முடியுமா? 7 பேர் முழுச் சீட்டு, 4 பேர் அரை, 4 பேர் கால். ஆள் 15, சீட்டு 10. அரைக்காரர் இருவர் சேர்ந்து ஒரு சீட்டு எடுப்பார்கள். கால்காரர் நால்வருக்கும் ஒன்று.

மூன்றாம் மாதம் ஒருவருக்குப் பண முடை. 12,000 தள்ளி, 48,000-க்கு எடுக்கிறார். அந்தத் தள்ளுபடி முழுச் சீட்டுக்கு 1,200, அரைக்கு 600, காலுக்கு 300 என்று பிரிகிறது. அம்மாதம் அவரவர் கட்டவேண்டியது 4,800, 2,400, 1,200. மொத்த வசூல் 33,600 + 9,600 + 4,800. கச்சிதமாக 48,000!

ஒன்பது ஏலங்களில் மொத்தத் தள்ளுபடி 45,000 என்று வைத்தால், முழுச் சீட்டுக்காரர் கட்டி முடிப்பது 55,500. கடைசி வரை காத்திருந்தவர் 60,000 வாங்குகிறார். மூன்றாம் மாதம் எடுத்தவருக்கோ 7,500 வட்டியாகப் போகிறது. அரைச் சீட்டில் எல்லாமே பாதி, ஆனால் வட்டி விகிதம் மட்டும் மாறாது. எளியவரின் காலும் வசதியானவரின் முழுதும் ஒரே விகிதத்தில் வளர்வதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். (பதிவு பெற்ற நிறுவனம் என்றால் கமிஷன் உண்டு. 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு 5 சதவீத வரம்பு. 2019-இல் 7 ஆயிற்று. நம் சீட்டில் 7 என்றால், மூன்றாம் மாதத் தள்ளுபடியில் 4,200 போய், முழுச் சீட்டுக்கு 780-தான் தேறும்.)

காலும் அரையும் நம் நாக்கில் ஊறியவை. தில்லிக் கடைத்தெருவிலும் சவா, டேட், டாயி என்று ஒன்றேகால், ஒன்றரை, இரண்டரைதான் புழங்கும். நம் எண்சுவடி அதற்கும் கீழே இறங்கி, காணி, முந்திரி என்று 320-இல் ஒன்றுக்கும் பெயர் வைத்தது. 320-ஐ ஆறு முறை பாதியாக்கலாம், ஐந்தாலும் வகுக்கலாம். மூன்றால் வகுபடாது.

அதனால்தான் மூவர் சேர்ந்து ஒரு சீட்டுப் போட்டால் தலைவலி. ஒரு மாதம் தள்ளுபடி 12,500 என்றால் முழுச் சீட்டுக்குக் கட்டவேண்டியது 4,750. ஆளுக்கு 1,583 போட்டால் 4,749. அந்த ஒரு ரூபாயை யார் போடுவது?