தொல்குடியினரின் கோலமும் அதன் உரிமையும்

மனிதன் வாழும் இல்லத்தின் சுவரும் தரையும் திரைச்சீலையும் கம்பளமும் அவனுக்கு வசதி தருவன மாத்திரம் அல்ல. அவன் யார் என்பதையும் அவை புலப்படுத்துவன. அவுஸ்திரேலியத் தொல்குடியினரிடத்து இவ்வுண்மை மிக ஆழமானது. அவர்தம் ஓவியங்களிற் காணப்படும் வட்டமும் கோடும் புள்ளியும் வெறும் அலங்காரமல்ல. நிலத்தைப் படைத்த முன்னோர் நடந்த வழிகளையும் தங்கிய நீர்நிலைகளையும் அவை குறிக்கும். இன்ன குலத்தாரே இன்ன கோலத்தை வரைதற்குரியர் என்னும் வரையறையும் உண்டு. ஆகவே, கோலம் என்பது ஒருவகையிற் காணி உறுதியை ஒத்தது எனலாம்.

இத்தகைய கோலங்கள் இக்கால வாழ்க்கைப் பொருள்களில் இடம்பெறுங்கால் விளைவன யாவை? நன்றும் தீதுமாகிய இருவகை நிகழ்ச்சிகளையும் ஈண்டு நோக்குவாம்.

வடபிரதேசத்துப் பொறலூலாவில் யன்யுவா இனத் தாய்க்கும் ஐரிஷ் தந்தைக்கும் பிறந்தவர் ஜோன் மொறியாற்றி. அக்கால அரசாங்கக் கொள்கையின் காரணமாக, ஏறக்குறைய 4 வயதில் அவர் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தென்பகுதி விடுதிகளில் வளர்ந்தார். தாயை மீண்டும் கண்டபோது அவருக்கு வயது 15. இவரும் மனைவியார் றோஸும் 1983இல் பலறிஞ்சி என்னும் வடிவமைப்பு நிறுவனத்தைத் தொடங்கினர். யன்யுவா மரபுப்படி அவர்தம் மகனுக்குரிய பிரிவுப்பெயரே அது. தாய்மடியினின்று பறிக்கப்பட்ட ஒருவர், தம் மகனின் குலப்பெயரைத் தம் தொழிலுக்கு இட்டமை கருதத்தக்கது.

குவாண்டாஸ் விமானமொன்று 1994இல் இந்நிறுவனத்தார் தீட்டிய செந்நிறக் கோலத்துடன் பறந்தது. யன்யுவா மொழியிற் கங்காருவைக் குறிக்கும் வுனாலா என்னும் சொல் அதன் பெயரில் அமைந்தது. 2002இல் ஊலூறுப் பகுதியைச் சேர்ந்த ஓவியர் றெனே குலிஜாவுடன் சேர்ந்து மற்றொரு விமானத்திற்குக் கோலம் அமைத்தனர். 2003இல் விமானப் பணியாளரின் சீருடைத் துணிக்கும் கோலம் வழங்கினர்.

இனி, மறுபக்கத்தை நோக்குவாம். 1966இல் வெளிவந்த ஒரு டொலர் நாணயத்தாளில் டேவிட் மலங்கி என்பாரின் மரப்பட்டை ஓவியம் பதிக்கப்பெற்றது. ஓவியர் உயிருடன் இருந்தும், அவரது இசைவு பெறப்படவில்லை. உண்மை வெளிப்பட்ட பின்னர் 1,000 டொலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிக் கருவிகளும் அவருக்கு அளிக்கப்பட்டன.

இதனினும் பெருங் கேடு பின்னர் நிகழ்ந்தது. தொல்குடி ஓவியர் எண்மரின் படைப்புகளைக் கம்பனியொன்று அனுமதியின்றி வியட்நாமிற் கம்பளங்களாக நெய்வித்து அவுஸ்திரேலியாவில் விற்றது. ஓவியருக்கு உரிமைப்பணம் செலுத்தப்படுவதாக அவற்றின் சீட்டுகள் கூறின. அவ்வோவியருள் ஒருவர் யொல்ங்கு இனத்துப் பண்டுக் மறிக்கா. அவர் பொறித்தது தம் குலத்தின் புனித நீர்நிலை. மக்கள் மிதிக்கும் தரையில் அது விரிக்கப்பட்டமை பெரும் இழிவாயிற்று. மேலும், பிறர் இழைத்த அத்தவற்றுக்கும் தம் குலத்தார்க்கு விடைகூறும் பொறுப்பு ஓவியர்மீதே விழுந்தது. 1994இற் சமஷ்டி நீதிமன்றம் ஓவியர் பக்கம் தீர்ப்பளித்து, ஏறக்குறைய 188,000 டொலர் நட்டஈடு விதித்தது. பண்பாட்டு முறையில் நேர்ந்த துன்பத்தையும் அது கணக்கிற் கொண்டமை சிறப்புடைத்து.

தரையில் இடுதலே குற்றமோ எனின், அன்று. 1988இல் திறக்கப்பெற்ற கன்பராப் பாராளுமன்றத்தின் முன்றிலில், வால்பிரி இனத்து மைக்கல் நெல்சன் ஜகமறாவின் கோலம் ஏறக்குறைய 90,000 கருங்கற் றுண்டுகளாற் பதிக்கப்பெற்றுள்ளது. பாலைநிலத்தார் சடங்குகளில் மண்ணிலே கோலம் இடுவது தொன்மரபு. அம்மரபறிந்தவரே அதனை வகுத்தளித்தார். தரை என்ற அளவில் இரண்டும் ஒன்றே. ஆயினும், உரியவரின் அறிவும் இசைவும் ஒன்றில் இருந்தன, மற்றதில் இல்லை.

எனவே, பண்பாட்டுக் கோலமொன்றைக் கையாளும் வடிவமைப்பாளன் மூன்று வினாக்களை வினவுதல் வேண்டும். இது எவருடைய கதை? அவர் இசைந்தனரா? இதனை இடத்தகும் இடம் யாது? இவற்றிற்கு விடைகண்ட பின்னரே கோலம் ஓரினத்தின் முகமாக விளங்கும். விடைகாணாது எடுத்த கோலம், எத்துணை அழகுடைத்தாயினும், களவாடிய பொருளேயாகும்.