நனைந்த பைக், விறைத்த விரல்

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் எவ்வளவு தண்ணீர் உண்டாகும்? ஏறத்தாழ ஒரு லிட்டர். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகி சைலன்ஸர் வழியே போய்விடுவதால் நாம் அதைக் கவனிப்பதில்லை. டிசம்பர் காலையில் ஊட்டியில் பைக்கை ஸ்டார்ட் செய்தால் கண்ணுக்கே தெரியும். சைலன்ஸர் வாயில் வெள்ளைப் புகை எழும், கீழே நீர் சொட்டும். எஞ்சின் போய்விட்டது என்று பதறி மெக்கானிக்கிடம் ஓடுகிறவர்கள் உண்டு. வெள்ளையாக வந்து, எஞ்சின் சூடானதும் நின்றுவிட்டால் அது வெறும் ஆவிதான். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, அப்போது ஓடலாம்.

இந்தத் தண்ணீரால் தொல்லை வருவது குறைந்த தூரம் ஓட்டுபவர்களுக்கு. ஊட்டியை ஒட்டிய லவ்டேலில் வீடு, ஊட்டி சேரிங் கிராஸில் கடை என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சில கிலோமீட்டரில் எஞ்சின் ஆயில் சரியாகச் சூடேறாது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி உள்ளே கசியும் நீராவி குளிர்ந்து ஆயிலோடு கலந்து, ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெளிர்மஞ்சள் நிறத்தில் பிசுபிசுவென ஒட்டியிருக்கும். சைலன்ஸரும் வெளியே பளபளத்துக்கொண்டே உள்ளுக்குள் துருப்பிடிக்கும். வாரத்தில் ஒருநாள் குன்னூர் வரை ஒரு நடை போய்வந்தால் எஞ்சின் நன்றாகக் காய்ந்து அந்த ஈரம் ஆவியாகிவிடும். பைக் பிரியர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்ற இதைவிட நியாயமான காரணம் கிடைக்காது.

மழைக்கும் குளிருக்கும் மோட்டார் சைக்கிள் பட்ட பாடு நீண்ட கதை. அதில் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்பது என் கருத்து. இன்னும் குளிரில் திணறிக்கொண்டிருக்கும் பாகம் ஒன்றே ஒன்றுதான், அது சீட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வருமுன் எஞ்சினைப் பார்த்துவிடுவோம்.

எரிவது திரவ பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் குழாய்ச் சுவரிலேயே ஈரமாகப் படிந்துவிடும். அதனால் கூடுதலாகப் பெட்ரோலை அனுப்ப வேண்டும். பழைய பைக்கில் சோக்கை இழுப்பது இதற்காகத்தான். கூடவே ஆயில் கெட்டியாகிக் கிரேங்க்கைச் சுற்றவிடாது, பேட்டரியும் குளிரில் வலுவிழக்கும். கிக்கரை உதைத்து உதைத்துக் கணுக்கால் வீங்கிய தலைமுறைக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

மலையில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குதான். கோயம்புத்தூரில் டியூன் செய்த கார்ப்பரேட்டர் அதே அளவு பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். ஆனால் அதை எரிக்கப் போதுமான காற்று இருக்காது. பிளக் கரிபிடிக்கும், மைலேஜ் விழும், ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கும். மேலே இருக்கும் மெக்கானிக் ஜெட்டை மாற்றியோ ஸ்க்ரூவைத் திருகியோ சரிசெய்து தருவார். அந்த வண்டியே மறுபடி மேட்டுப்பாளையம் இறங்கினால் வேறு விதமாக முரண்டு பிடிக்கும்.

இங்கிலாந்துக்காரர்கள் கண்ட கூத்து இதைவிட விசித்திரமானது. வெளியே ஐந்து டிகிரி, காற்றில் நல்ல ஈரம். நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பைக் மெல்ல இழுவையிழந்து ஓரமாக நின்றுவிடும். இறங்கி, திட்டி, ஐந்து நிமிடம் காத்திருந்து பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பார்த்தால் எந்தக் குறையும் இருக்காது. கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் உள்ளே வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே போக, காற்றிலுள்ள ஈரம் பனிக்கட்டியாகித் துவாரத்தை அடைத்துவிடும். வண்டி நின்றதும் எஞ்சின் சூடு பின்னால் பரவிப் பனி உருகும், தடயமும் மறையும். இதற்காகவே பிரிட்டனில் விற்ற சில பைக்குகளின் கார்ப்பரேட்டரில் மின்சாரச் சூடேற்றி பொருத்தினார்கள்.

சோக், உயரம், பனி அடைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒழித்தது பியூயல் இன்ஜெக்‌ஷன். வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் சென்சார்கள் அளந்து சொல்ல, ஒவ்வொரு முறையும் எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவுசெய்கிறது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதிகள் வந்ததோடு புதிய பைக்குகளிலிருந்து கார்ப்பரேட்டர் ஏறத்தாழ மறைந்துவிட்டது. காற்றைச் சுத்தமாக்க வந்த விதி, மலையில் இருப்பவரின் கணுக்காலையும் காப்பாற்றியது.

ஓடவைப்பது ஒருபுறம், நிறுத்துவது மறுபுறம். மழையில் உயிரைக் காப்பது இரண்டாவதுதான்.

1969இல் ஹோண்டா சிபி750 முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கோடு வந்தபோது உலகமே வாய்பிளந்தது. அதைத் தொடர்ந்து வந்த ஜப்பானிய பைக்குகள் மழைநாளில் வேறொரு குணம் காட்டின. லீவரைப் பிடித்தால் முதலில் ஒன்றுமே நடக்காது. சக்கரம் சில சுற்றுகள் சுற்றிய பிறகு திடீரென்று பிரேக் கவ்வும். துருப்பிடித்து அசிங்கமாகக் கூடாது என்று அந்த டிஸ்க்குகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்திருந்தார்கள். வழுவழுப்பான அந்த எஃகின்மேல் படிந்த தண்ணீர்ப் படலத்தை அக்கால பிரேக் பேடுகளால் துடைத்தெறிய முடியவில்லை. ‘ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஐயோ!’ என்ற வரிசையில் பிரேக் பிடித்தால் நனைந்த சாலையில் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. உலோகத்தூளை அழுத்திச் சுட்டுச் செய்த சின்டர்டு பேடுகள் வந்த பிறகே அந்தப் பயம் போனது. இன்று டிஸ்க்கில் காணும் துளைகளும் அழகுக்காக மட்டும் போட்டவை அல்ல. தண்ணீரும் சூடும் வெளியேற வழி.

பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடைசியில் பிடிக்க வேண்டியது டயர். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான். காய்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு 0.8 என்றும், நனைந்தால் 0.5 என்றும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பிரேக் பிடித்த பிறகு காய்ந்த சாலையில் 12 மீட்டரில் நிற்கும், நனைந்த சாலையில் கிட்டத்தட்ட 20 மீட்டர் ஓடி நிற்கும். இதில் ஓட்டுபவர் சுதாரிக்கும் நேரம் சேரவில்லை. மழை தொடங்கும் முதல் சில நிமிடங்கள் இன்னும் மோசம். சாலையில் படிந்திருக்கும் ஆயிலும் தூசியும் அப்போதுதான் நீரோடு குழைந்து வழுக்கும். நன்றாக அடித்துப் பெய்து கழுவிவிட்ட சாலை அதைவிட நல்லது. நீலகிரியில் இதோடு யூகலிப்டஸ் இலைச் சருகு, எஸ்டேட் மண் எல்லாம் சேரும்.

நனைந்த சாலையில் இன்றைய டயர் ஓரளவாவது பற்றுவதற்குக் காரணம் ரப்பரோடு கலக்கும் சிலிக்கா, அதாவது மணலின் மூலப்பொருள். 1990களின் தொடக்கத்தில் மிஷலின் அதைக் கார் டயரில் புகுத்தியது. பிறகு பைக் டயருக்கும் வந்தது. வெறும் கார்பன் கரி கலந்த ரப்பர் குளிரில் விறைத்துப்போகும். சிலிக்கா கலந்தது குளிரிலும் இளக்கமாக இருந்து தார்ச்சாலையின் சொரசொரப்பில் பதியும்.

நம்மிடம் ஒரு பழைய நம்பிக்கை உண்டு: முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும். அதனால் காலுக்கடியில் இருக்கும் பின் பிரேக்கை மட்டுமே மிதிக்கிறோம். பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்குச் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை ஈரத்தில் மிதித்தால் அது பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கத்தான் செய்யும். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிப்பதுதான் ஆபத்து. முதலில் மெதுவாக அழுத்தி, பாரம் முன்னால் வந்தபின் கூட்டினால் நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை அதுவே செய்யும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வளைவுக்குள் நுழையுமுன் பிடித்து முடித்துவிட வேண்டும். மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்கள், பிரேக்கைத் தீய்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் கியரில் எஞ்சினே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

இந்த நிதானம் கைவராதவருக்கும் உதவ ஏபிஎஸ் இருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்ததும் பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை தளர்த்தி இறுக்கும் கருவி அது. மோட்டார் சைக்கிளில் முதலில் கொண்டுவந்தது பி.எம்.டபிள்யூ, 1988இல், கே100 மாடலில். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் கட்டாயம்.

ஆக, இயந்திரம் மழையையும் குளிரையும் சமாளிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. ஓட்டுபவருக்கு எந்தச் சென்சாரும் வரவில்லை.

வெளியே 10 டிகிரி என்றால் அப்படியொன்றும் கொடுமையில்லை. ஆனால் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் முகத்தோல் வெப்பம் இழக்கும் வேகம், காற்றில்லாத இடத்தில் ஐந்தரை டிகிரிக் குளிரில் நிற்பவருடையதற்குச் சமம். 5 டிகிரியில் அதே வேகத்தில் போனால் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். அமெரிக்காவும் கனடாவும் 2001இல் கொண்டுவந்த சூத்திரத்தின்படி போட்ட கணக்கு இது. அந்தச் சூத்திரம் காய்ந்த தோலுக்கு மட்டுமே பொருந்தும். பேன்ட் நனைந்துவிட்டால் கதையே வேறு. அதிலிருந்து ஒரு மணி நேரத்தில் 100 கிராம் தண்ணீர் காற்றில் உலர்ந்தால், அதற்குத் தேவையான வெப்பம் சுமார் 67 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் உண்டாக்குவதே 100 வாட் அளவுதான். சைக்கிள் மிதிப்பவர் மிதித்தே சூடேற்றிக்கொள்வார். பைக்காரருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

வெப்பக் கையிருப்பு குறையும்போது உடல் ஒரு கணக்குப் போடுகிறது: இதயமும் மூளையும் முக்கியம், விரல்கள் பிறகு. கைகளுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. விரல்தோல் 15 டிகிரியை நெருங்கும்போதே விரல்களின் நுட்பம் மங்கத் தொடங்கும். அந்த விரல்கள்தான் மேலே சொன்ன முன் பிரேக்கை மெதுவாக அழுத்திப் பிறகு கூட்ட வேண்டியவை! அத்தனை நுட்பமாக உருவான ஏபிஎஸ்ஸின் முன்முனையில் விறைத்துப்போன ஆள்காட்டி விரல் இருக்கிறது. என்னைக் கேட்டால், மழைக்கால பட்ஜெட்டில் முதல் செலவு நல்ல கையுறை. எக்ஸாஸ்ட்டை மாற்றுவதெல்லாம் அப்புறம்.

சட்டைக்கும் ஜெர்கினுக்கும் நடுவே தினசரிப் பேப்பரை மடித்துச் செருகிக்கொள்ளும் பழைய பழக்கத்தைக் கேலிசெய்ய வேண்டாம். நெஞ்சில் காற்று புகாமல் தடுக்க அது போதும். பூட்ஸுக்குள் பிளாஸ்டிக் கவரும் அப்படியே. சாதாரண ரெயின்கோட்டின் குறை, வெளி நீரைத் தடுப்பதோடு உள் வியர்வையையும் அடைத்துவிடுவது. ஐரோப்பியர்கள் நெடுங்காலம் மெழுகு ஏற்றிய பருத்தித் துணியை நம்பினார்கள். 1969இல் பாப் கோர் என்பவர் டெஃப்ளானைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது கிடைத்த மெல்லிய படலத்தில் கோடிக்கணக்கான நுண்துளைகள் இருந்தன. மழைத்துளி நுழைய முடியாத, ஆனால் நீராவி வெளியேறக்கூடிய அளவு. கோர்-டெக்ஸ் அப்படிப் பிறந்தது. விலைதான் இன்னும் நம் மாதாந்திர சம்பளத்தை முறைத்துப் பார்க்கிறது.

கண்ணுக்கும் ஒரு வார்த்தை. மூச்சுக்காற்று வெதுவெதுப்பானது, ஈரம் நிறைந்தது. ஹெல்மெட் வைசரின் உட்புறமோ ஜில்லென்றிருக்கும். அங்கே மூச்சு படிந்து மூடுபனிக்குள் இன்னொரு மூடுபனி உருவாகும். வைசரைக் கொஞ்சம் தூக்கி வைப்பது இலவச வழி. உள்ளே இரண்டாவது தகடு பொருத்தி நடுவே காற்றை அடைத்துவைக்கும் பின்லாக் காசு கொடுத்து வாங்கும் வழி. மேகம் இறங்கிய சாலையில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வரும். லோ பீம் போதும்.

இவ்வளவு தொல்லையையும் வலியப்போய் வாங்கிக்கொள்கிற கூட்டமும் இருக்கிறது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்ற மோட்டார் சைக்கிள் பத்திரிகையாளர் 1956இல் ஸ்டுட்கார்ட் அருகே ஒரு குளிர்காலச் சந்திப்பைத் தொடங்கினார். ‘பச்சை யானை’ என்று செல்லப்பெயர் பெற்ற சுண்டாப் கேஎஸ் 601 வண்டிக்காரர்களுக்காகத் தொடங்கியதால் அதற்கு யானைகளின் சந்திப்பு என்றே பெயர். 1989 முதல் பவேரியக் காட்டில் சோலா என்ற சிற்றூரின் பள்ளத்தாக்கில் நடக்கிறது. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் பனியில் ஓட்டி வந்து, பனிமேலேயே கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். வேல்ஸில் 1960களில் தொடங்கிய டிராகன் ராலியும் இதே ரகம்.

நம் ஊரில் ஷிஃப்டுக்குப் போகும் நர்ஸுக்கும் தேயிலைத் தொழிற்சாலை ஊழியருக்கும் கூடாரம் தேவையில்லை. கைப்பிடியில் சூடு இருந்தால் போதும். ஹேண்டில்பார் கைப்பிடிக்குள் ஹீட்டர் கம்பி வைத்த அமைப்பு பெரிய பைக்குகளில் பல ஆண்டுகளாக இருக்கிறது. இரண்டு கைக்கும் சேர்த்து 30, 40 வாட் இழுக்கும். சிறிய பைக்கின் மின்சாரத்தில் அதற்கு இடமில்லை என்று முன்பு சொல்லலாம்; ஹெட்லைட் பல்பே 35 வாட் விழுங்கிக்கொண்டிருந்தது. இப்போது எல்இடி வந்து அதில் பாதிக்கும் குறைவாகவே எடுக்கிறது. ஆனாலும் நூறு சிசி வண்டியில் கம்பெனியே சூடான கைப்பிடி பொருத்தித் தருவதை நான் இதுவரை பார்த்ததில்லை. போன் சார்ஜ் செய்ய யுஎஸ்பி துளை மட்டும் தவறாமல் வைக்கிறார்கள்.