வேலாவதர் வெளியில் இரு மான்கள்

குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில், காம்பே வளைகுடாவை அடுத்த சமவெளியில், ஏறத்தாழ 34 சதுர கிலோமீட்டர் பரப்பில் வேலாவதர் புல்வெளி கிடக்கிறது. ஒரு காலத்தில் பாவ்நகர் மகாராஜாக்கள் பழக்கிய சிவிங்கிகளை ஏவிக் கிருஷ்ண மிருகங்களை வேட்டையாடிய ஸ்தலமாகிய அது, 1976-இல் அதே மிருகங்களுக்குச் சரணாலயமாயிற்று. இடையே, பாரத தேசத்தில் சிவிங்கி இனம் பூண்டோடு அற்றுப் போயிற்று.

கிருஷ்ண மிருகத்தை நாம் மான் என்றே வழங்கினாலும், ஆண்டுதோறும் கொம்பு உதிர்த்து முளைக்கும் உண்மையான மான் ஜாதியைச் சேர்ந்ததன்று அது. எலும்பின்மேல் உறையாய் வளரும் அதன் முறுக்குக் கொம்பு ஆயுள் முழுவதும் உதிர்வதில்லை. நம் கோடியக்கரையில் மேயும் வெளிமானும் இதுவே. கூரிய கண்ணும் விரைந்த காலுமே இதற்குக் காப்பு. ஆதலால் மறைவிடத்தைவிட, சத்துரு தொலைவிலேயே தென்படும் வெட்டவெளியே இதற்கு உகந்தது. புல்வெளியைக் கண்டதும் பாழ்நிலம் என்று முடிவுகட்டி மரக்கன்றோடு புறப்படும் பரோபகாரிகள் இதைச் சற்றே சிந்திக்கலாம். சீமைக் கருவேலம் அடர்ந்த இடத்தில் புல்லும் போகிறது, பார்வையும் போகிறது.

மரம் மறைக்காத அவ்வெளியில் மார்கழி மாதத்து முன்னிரவில் கிழக்கே நோக்கினால், ஒரே வரிசையில் ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கும் மூன்று விண்மீன்களைக் காணலாம். யவனர்கள் அவற்றை ஓரியன் என்னும் வேடனுடைய இடைக்கச்சையாகக் கண்டனர். நம் முன்னோரோ அந்த நட்சத்திரக் கூட்டத்திலேயே மானைக் கண்டு, மூன்றையும் அதன் உடலில் தைத்த அம்பாகக் கொண்டனர். அருகே மங்கலாக நெருங்கியிருக்கும் சிறு முக்கோணமே மிருகசீரிடம், அதாவது மான்தலை. செந்நிறமாய்ச் சுடர்வது திருவாதிரை. அம்பின் கோட்டை மேல்நோக்கி நீட்டினால் ரோகிணியை அணுகுவோம். கீழ்நோக்கி நீட்டினால், இரவு வானின் விண்மீன்களுள் மிகப் பிரகாசமானதும், நமக்கு 8.6 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதுமாகிய மிருகவியாதனை, மானை எய்த அந்த வேடனை, அடைவோம். மான் உருக்கொண்டு ரோகிணியைத் துரத்திய பிரஜாபதியை அவன் எய்தான் என்பது ஐதரேய பிராமணம் கூறும் கதை. கதைக்கு இசைவாகவே ரோகிணி முதலிலும், மான் அடுத்தும், வேடன் கடைசியிலுமாக உதிக்கின்றனர்.

கீழே சிவிங்கியும் இல்லை, மகாராஜாவும் இல்லை. புல்லிடையே கிருஷ்ண மிருகங்கள் அசைபோட்டுக் கிடக்க, மேலே அம்மூவரும் துரத்தும் கோலம் மாறாமலே விடியும் வேளைக்குள் மேற்கே இறங்குகின்றனர்.