வரலாற்றுக்கு ஒரு வாரம்

ஐக்கிய அமெரிக்காவிலே ஆண்டுதோறும் பெப்ரவரி மாதம் கறுப்பின மக்களின் வரலாற்று மாதமாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது. ஊர் நூலகத்திலே கவிதை வாசிப்பு, பாடசாலையிலே மாணவர் நாடகம், தேவாலய மண்டபத்திலே சொற்பொழிவும் கூட்டு இசையும், சமூக நிலையத்திலே பழைய புகைப்படங்களின் கண்காட்சி என்று அது பல வடிவங்களில் நடைபெறும். பெருநகரங்களின் ஆரவாரத்தை விட இந்தச் சிறிய மண்டபங்களின் நிகழ்ச்சிகளே அதன் உயிர்நிலை எனலாம்.

இக்கொண்டாட்டத்தைத் தொடக்கி வைத்தது அரசாங்கம் அன்று, பல்கலைக்கழகமும் அன்று. பாடசாலை ஆசிரியராகப் பல்லாண்டுகள் பணியாற்றிய கார்ட்டர் ஜி. வூட்சன் என்பவரே 1926ஆம் ஆண்டில் இதற்கு வித்திட்டார். அவர் இதனைத் திருவிழாவாகக் கருதவில்லை. ஆண்டு முழுவதும் கற்றதை ஊரார் முன்னிலையில் எடுத்துக்காட்டும் ஒரு வாரமாகவே கருதினார். விழா என்பது படிப்பின் அறுவடை. விதைக்காத வயலில் அறுவடை ஏது? இந்தக் கருத்து எவ்வாறு பிறந்தது, எத்தகைய இடர்களின் நடுவே காக்கப்பட்டது என்பதை நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

சொல்லொன்றைப் பற்றி முதலிலே கூறிவிட வேண்டும். வூட்சன் காலத்தில் ‘நீக்ரோ’ என்ற சொல் அம்மக்களாலேயே மதிப்போடு வழங்கப்பட்டது. இன்று அச்சொல் விலக்கப்பட்டுவிட்டது. பழைய பெயர்களைச் சுட்டுமிடத்தில் மாத்திரம் அதனைக் கையாளுகின்றேன்.

வூட்சன் 1875இல் வேர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். அவருடைய தாயும் தந்தையும் அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்றவர்கள். வறுமை காரணமாக இளம் வயதிலேயே மேற்கு வேர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த முதற் பல்கலைக்கழகம் ஒரு தொழிலாளியின் வீடு. ஒலிவர் ஜோன்ஸ் என்னும் அத்தொழிலாளி உள்நாட்டுப் போரிலே போராடியவர். எழுத வாசிக்கத் தெரியாதவர். ஆயினும் தம் மக்களைப் பற்றிய நூல்களையும் பத்திரிகைகளையும் விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருந்தார். வேலை முடிந்து அங்கே கூடும் சுரங்கத் தொழிலாளருக்கு இளைஞர் வூட்சன் அவற்றை உரக்க வாசிப்பார். கேட்டவர்கள் தம் போர்க்கால நினைவுகளைச் சொல்லி, வாசித்ததன் மீது விவாதிப்பார்கள். கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்ததன் பொருளை இவ்விடத்து நாம் நன்கு உணரலாம். வரலாறு என்பது ஏட்டில் மட்டுமன்று, எழுத்தறியாதவர் நெஞ்சிலும் இருக்கின்றது என்ற பாடத்தை வூட்சன் அந்த வீட்டிலேதான் கற்றார்.

இருபது வயதளவிலேயே அவர் உயர்நிலைப் பாடசாலையில் சேர முடிந்தது. பின்னர் பிலிப்பைன்ஸ் தீவுகளில் ஆசிரியப் பணி, சிக்காகோவில் முதுகலைப் பட்டம், 1912இல் ஹார்வாட் பல்கலைக்கழகத்திலே வரலாற்றில் கலாநிதிப் பட்டம் என அவர் வாழ்க்கை விரிந்தது. அப்பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர் அவர்; முதல்வர் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ். பட்டம் பெற்ற பின்னரும் வூட்சன் வாஷிங்டன் நகரப் பாடசாலைகளில் தொடர்ந்து கற்பித்து வந்தார்.

கறுப்பின மக்களுக்குச் சொல்லத்தக்க வரலாறு எதுவும் இல்லை என்ற எண்ணம் அக்காலத்து அறிஞரிடையேயும் வேரூன்றியிருந்தது. இதனை மறுப்பதற்குச் சான்றுகள் வேண்டும் என்று கண்ட வூட்சன், 1915இல் சிக்காகோவில் நண்பர் சிலருடன் சேர்ந்து நீக்ரோ வாழ்வையும் வரலாற்றையும் ஆராயும் சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டே அதன் ஆய்விதழ் வெளிவந்தது. ஆனால் ஆய்விதழை வாசிப்போர் சிலரே. அறிந்தது ஆய்வாளரோடு நின்றுவிட்டால் வகுப்பறையில் இருக்கும் பிள்ளைக்கு என்ன பயன்? இவ்வினாவுக்கு விடையாகவே 1926 பெப்ரவரியில் ‘நீக்ரோ வரலாற்று வாரம்’ தோன்றியது.

பெப்ரவரி மாதத்தின் இரண்டாம் வாரத்தை அவர் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அடிமை ஒழிப்பை அறிவித்த ஆபிரகாம் லிங்கனின் பிறந்த நாள் பெப்ரவரி 12. அடிமையாய்ப் பிறந்து தப்பியோடிப் பெரும் எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் விளங்கிய பிரெடரிக் டக்ளஸின் பிறந்த நாள் பெப்ரவரி 14. டக்ளஸுக்குத் தம் பிறந்த நாள் உண்மையில் தெரியாது. அடிமைப் பிள்ளையின் பிறப்பை நாள் குறித்து வைப்பார் இல்லை. ஆகவே அவர் தாமாகவே அந்நாளைத் தெரிந்துகொண்டார். பிறந்த நாளையே தேடிக் கொள்ள வேண்டியிருந்த மனிதரின் நாளிலே ஒரு மக்களின் வரலாற்றுத் தேட்டம் ஆரம்பமாவது எத்துணைப் பொருத்தம்!

இவ்விரு நாட்களையும் ஊர்கள் ஏற்கனவே கொண்டாடி வந்தன. வேறு விழாக்களும் இருந்தன. டெக்ஸாஸ் மாநிலத்து அடிமைகளுக்கு விடுதலைச் செய்தி 1865 ஜூன் 19இல் எட்டியது. அந்நாளைக் கொண்டாட ஓர் இடம் வேண்டுமென்று ஹியூஸ்டன் நகரத்தில் முன்னாள் அடிமைகள் பணம் திரட்டி 1872இல் 10 ஏக்கர் நிலம் வாங்கினர். அந்த விடுதலைப் பூங்கா இன்றும் உள்ளது. ஜூன் 19 நாடு முழுவதற்குமான விடுமுறை நாளாக அறிவிக்கப்பட்டதோ 2021இல்தான். மக்கள் முந்தினர்; அரசு பிந்தியது.

வூட்சன் இப்பழைய வழக்கத்தை அழிக்கவில்லை. அதனுள்ளே புதிய பொருளைப் பெய்தார். இரு பெருமக்களைப் போற்றுவதோடு நில்லாமல், பெயர் அறியப்படாத எண்ணற்றவரின் உழைப்பையும் கற்க வேண்டும் என்றார். அதற்கான கருவிகளையும் கொடுத்தார். பாடக் குறிப்புகள், படங்கள், மாணவர் நடிக்கத்தக்க சிறு நாடகங்கள் ஆகியன சங்கத்திலிருந்து தபாலில் ஊர் ஊராகச் சென்றன. முதலாண்டிலேயே வட கரோலினா, டெலவெயார், மேற்கு வேர்ஜீனியா ஆகிய மாநிலங்களின் கல்வித் திணைக்களங்கள் ஒத்துழைத்தன. 1937இல் ஆசிரியர்களுக்கென்றே தனி இதழொன்று ஆரம்பிக்கப்பட்டது.

இந்தப் பணிமனையில் பின்னாளில் பெரும் புகழ் பெற்ற கவிஞர் ஒருவரும் வேலை பார்த்தார் என்பது இலக்கிய அன்பர்களுக்குச் சுவையான செய்தியாகும். அவர் லங்ஸ்டன் ஹியூஸ். 1925இல் வூட்சனிடம் உதவியாளராக இருந்த அவர், காலையில் அலுவலகத்தைத் திறப்பார், பெருக்கித் துடைப்பார், நூல்களைக் கட்டித் தபாலில் சேர்ப்பார். 1830இல் அடிமைத்தளைக்கு வெளியே வாழ்ந்த கறுப்பினக் குடும்பத் தலைவர்களின் முப்பதினாயிரம் பெயர்களை அகரவரிசைப்படுத்தும் வேலையும் அவருடையதாயிற்று. கண் வலி தாளாமல் அவ்வேலையை விட்டுச் சென்றார். ஆயினும் முன்னோர் பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிய அக்கைகளே, 1926இல் அவருடைய முதற் கவிதை நூலை உலகுக்குத் தந்தன.

அதே 1926இல் நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியிலே மற்றுமொரு நிகழ்ச்சி இடம்பெற்றது. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ஆர்ட்டுரோ ஷொம்பர்க், வங்கியொன்றின் தபால் பிரிவில் பணியாற்றியவாறே வாழ்நாளெல்லாம் நூல்களைத் தேடிச் சேர்த்தவர். உன் இனத்துக்கு வரலாறு இல்லை என்று சிறு வயதில் ஆசிரியர் ஒருவர் சொன்ன சொல்லே அவரை இத்தேடலில் ஈடுபடுத்தியது என்பர். ஆசிரியர் வாயிலிருந்து வரும் ஒரு சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை எம்மைப் போன்றோர் மனங்கொள்ளல் வேண்டும். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களும் மூவாயிரம் கையெழுத்துப் படிகளும் அடங்கிய அத்தொகுதியைக் கார்னகி நிதியத்தின் 10,000 டொலர் நன்கொடையால் நியூயோர்க் பொது நூலகம் வாங்கி, 135ஆம் வீதிக் கிளையில் வைத்தது.

அந்தக் கிளை நூலகம் வெறும் நூற் களஞ்சியமாய் இருக்கவில்லை. அங்கே கவிஞர்கள் தம் கவிதைகளை வாசித்தனர். நிலவறையில் டு போய்ஸின் முயற்சியால் நாடகக் குழுவொன்று இயங்கியது. 1940இல் அதே நிலவறையில் தோன்றிய மற்றொரு நாடக அரங்கிலேதான் சிட்னி புவாட்டியே, ஹரி பெலபொன்ரே ஆகிய கலைஞர்கள் பயிற்சி பெற்றனர். ஏடு மேலே, அரங்கு கீழே. ஒன்றை ஒன்று தாங்கின. இன்று ஷொம்பர்க் ஆய்வு நிலையமாக வளர்ந்துள்ள அந்நூலகத்தின் முன்கூடத்துத் தரையின் கீழே 1991இல் லங்ஸ்டன் ஹியூஸின் சாம்பல் வைக்கப்பட்டது.

எல்லா ஊரிலும் இவ்வாறு வெளிப்படையாகக் கற்க முடிந்ததா? இல்லை. தென் மாநிலங்களிலே கறுப்பினப் பாடசாலைகளின் பாடவிதானமும் வெள்ளையர் அதிகாரத்திலேயே இருந்தது. ஜார்விஸ் கிவன்ஸ் என்னும் ஆய்வாளர் 2021இல் வெளியிட்ட நூலொன்றில் லூசியானா மாநிலத்து ஆசிரியை ஒருவரைப் பற்றிக் குறிப்பிடுகின்றார். 1930களின் தொடக்கத்தில், அவருடைய மேசை மேலே அதிகாரிகள் தந்த பாடக் குறிப்பு இருக்கும். மடியிலே வூட்சனின் நூல் இருக்கும். மடியிலுள்ள நூலைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பார். அதிபர் உள்ளே வந்தால் பார்வை மேசைக்குத் திரும்பிவிடும். கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் வேலை போயிருக்கும். இதனைச் சொல்லி வைத்தவர் அவரிடம் கற்ற மாணவர் ஒருவரே. ஓராண்டு இவ்வாறு மடியில் ஒளித்துக் கற்பித்தவர்கள் இருந்தமையாலேயே ஒரு வாரம் மேடையேற முடிந்தது.

வாரம் பரவப் பரவ அதன் மதிப்பைக் குறைப்போரும் தோன்றினர். எதனையும் கல்லாது மேடையேறிப் பேசுவோரையும், அவசரமாய் அச்சிட்டு விற்போரையும் வூட்சன் கண்டித்தார். ஒரு வாரத்தோடு வரலாற்றை முடித்துவிடுதல் கூடாது என்றும், வரலாற்று வாரம் வரலாற்று ஆண்டாக மலர வேண்டும் என்றும் வற்புறுத்தினார். தனியாக ஒரு வாரம் தேவைப்படாத நாள் வர வேண்டும் என்பதே அவர் அவா. 1950இல் அவர் மறைந்தபோது அந்நாள் வந்திருக்கவில்லை.

பின்னர் 1970இல் ஒஹாயோ மாநிலத்துக் கென்ட் பல்கலைக்கழக மாணவர் முயற்சியால் அங்கே வாரம் மாதமாயிற்று. 1976இல் ஜனாதிபதி ஜெரால்ட் போர்ட் அம்மாதத்தை ஏற்றுச் செய்தி விடுத்தார். 1987முதல் பிரித்தானியாவில் ஒக்டோபர் மாதம் இதற்கெனக் கொண்டாடப்படுகின்றது. கடைகளில் விளம்பரமாகவும், அலுவலகங்களில் ஒரு நாள் விருந்தாகவும் இம்மாதம் கழிந்துவிடுகிறது என்ற குறையும் கூடவே எழுந்துள்ளது. வூட்சன் அஞ்சியதும் இதுவே.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2023இல் புளோரிடா மாநிலக் கல்வித் திணைக்களம், உயர்நிலைப் பாடசாலை மாணவருக்கான ஆபிரிக்க அமெரிக்கக் கற்கைநெறியொன்றை ஏற்க மறுத்தது. அதன் பின்னர் அம்மாநிலத்துக் கறுப்பினத் தேவாலயங்கள் பல தம் மண்டபங்களிலேயே வரலாற்றைக் கற்பிக்கத் தொடங்கின. ஒலிவர் ஜோன்ஸின் வீட்டு முற்றத்துக்கே வரலாறு மீண்டும் திரும்பியது போலாயிற்று.

பாடவிதானம் அரசோடு மாறும். மாதத்தை அறிவிக்கும் செய்தியும் மாறலாம். ஊர் மண்டபத்திலே கூடி வாசிப்பாரும் கேட்பாரும் உள்ளவரை வரலாறு அழியாது. ஆகவே விழா எவ்வளவு சிறப்பாக நடந்தது என்று கேட்பதை விட, விழா முடிந்த மறுநாள் அவ்வூர் நூலகத்தில் எத்தனை நூல்கள் இரவலாகச் சென்றன என்று கேட்பதே தகும். வூட்சன் எமக்கு விட்டுச்சென்ற அளவுகோல் அதுவே என்று கூறி இவ்வுரையை நிறைவு செய்கின்றேன்.