அப்பாவின் 555 கணக்கு

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து ரயில் பிடித்து அப்பாவைப் பார்க்கப் போவேன். உள்ளே நுழைந்ததும் அவர் கேட்பது என் உடம்பைப் பற்றியோ வேலையைப் பற்றியோ இருக்காது.

"வாடகை வந்துருச்சா பாப்பா?"

வந்துவிட்டது என்றதும் தலையணைக்குக் கீழே கைவிட்டு ஒரு 555 புத்தகத்தை எடுப்பார். மளிகைக் கடையில் கடன் எழுத நம் வீடுகளில் வைத்திருந்தோமே, அதே சின்னப் புத்தகம். நடுங்கும் கையால் தேதியைப் போட்டு, 950 என்று எழுதுவார். பிறகுதான் "சாப்டியா?" என்ற கேள்வி வரும்.

அப்பாவுக்கு 76 வயது. புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். மாதக் கட்டணம் 2,200 வெள்ளி. அந்த 950 வெள்ளி, நிபோங் திபாலில் இருக்கும் அவருடைய ஒரு மாடி வீட்டின் வாடகை.

அப்பா, அம்மா வீட்டை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில் பராமரிப்பு இல்லக் கட்டணம் கட்டுவதை நம்மில் பலர் வெளியே சொல்வதில்லை. "பெத்தவங்கள இல்லத்துல விட்டுட்டு வீட்டுல காசு பாக்குறாங்க" என்ற பேச்சு வந்துவிடுமோ என்ற பயம்தான். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் இந்த இரண்டு ஆண்டுகளில் நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டது இன்னொரு குடும்பத்துக்கு உதவலாம்.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

நிபோங் திபாலைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பினாங்கின் தென்கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பேராக்கின் பாரிட் புந்தார். சுற்றுவட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் கரும்பு, அப்புறம் ரப்பர், பிறகு செம்பனை. அப்பா பிறந்தது கலிடோனியா தோட்டத்து லயத்தில். செம்பனை ஆலையில் வேலை செய்து, ஊழியர் சேமநிதிப் பணத்தைப் போட்டு ஒரு தாமானில் வீடு வாங்கினார். எங்கள் குடும்பத்தில் சொந்தமாகக் கிராண்ட் வைத்திருந்த முதல் ஆள் அவர்தான்.

அம்மா போன பிறகு தனியாகவே இருந்தார். 2023 ஆகஸ்டில் குளியலறையில் விழுந்தார். மூன்று மாதம் கழித்து மறுபடியும். இரண்டாவது முறை பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டிப் பார்க்கும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். அண்ணன் ஜொகூர் பாருவில், நான் கோலாலம்பூரில். என்னோடு கொஞ்ச நாள் இருந்தார். பதினான்காவது மாடி வீட்டில் பகல் முழுக்கப் பூட்டிய கதவுக்குள் இருந்தவர், ஒருநாள் சொன்னார்: "இங்க இருக்கறதுக்கு ஆளுங்க இருக்குற எடத்துல விட்டுரு."

2024 ஜனவரியில் இல்லத்தில் சேர்த்தோம். அடுத்த கேள்வி, பணம்.

விற்பதா, வாடகைக்கு விடுவதா?

விற்றுவிடலாம் என்றார் அண்ணன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டுக்கு அப்போது 220,000 வெள்ளிவரை கேட்டார்கள். மாதம் 2,200 என்றால் நூறு மாதம், அதாவது எட்டு ஆண்டுக்கு மேல் கட்டணம் கட்டலாம். வாடகைக்கு விட்டால் பாதிகூடத் தேறாது. மீதியை நாங்கள்தான் போட வேண்டும்.

வீட்டைக் காகாமாஸ் நிறுவனத்திடம் அடமானமாக வைத்து, 55 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆயுள் முழுக்க மாதப் பணம் பெறும் திட்டமும் 2021 இறுதியில் வந்தது. ஆனால் அது சொந்த வீட்டிலேயே வாழ்பவர்களை மனதில் வைத்துப் போட்ட திட்டம். எங்கள் நிலைமைக்குப் பொருந்தவில்லை. அரசாங்கத்தின் ரூமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள், ஆதரவும் வசதியும் இல்லாத முதியவர்களுக்கானவை. வீடும் இரண்டு பிள்ளைகளும் உள்ளவர் அந்த இடத்தைக் கேட்பது சரியும் இல்லை.

மற்ற நாடுகளிலும் இதே தலைவலிதான். இங்கிலாந்தில் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால் இல்லக் கட்டணத்தை நாமே கட்ட வேண்டும். தனியாக வாழ்ந்தவர் இல்லத்துக்குப் போனால் அவர் வீட்டின் மதிப்பும் அந்தக் கணக்கில் சேரும். விற்க மனமில்லாதவர்களுக்காக, கட்டணத்தைக் கடனாக ஏற்றிப் பிறகு வசூலிக்கும் ஏற்பாட்டை 2014ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருக்கிறது. சிங்கப்பூரிலோ, பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கேட்டுப் பெற்றோரே முறையிடலாம் என்று 1995இல் சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் அதெல்லாம் குடும்பத்தின் மனசாட்சி பார்த்துக்கொள்ளும் விஷயம்.

நானும் அண்ணனும் இரவு இரவாகப் போனில் பேசினோமே தவிர, வீட்டுக்காரரைக் கேட்கவே இல்லை. கேட்டபோது ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"விக்காதீங்க. வாடகைக்கு விடுங்க. என் வீட்டுக் காசுல நான் இருந்துக்கறேன்."

எந்த இனத்தாள் வேண்டும்?

சாமி மேடையிலிருந்த முருகன் படம் அப்பாவோடு இல்லத்துக்குப் போனது. அம்மாவின் தையல் மெஷினையும் சேலைகளையும் பின்னறையில் வைத்துப் பூட்டினோம். பூட்டிய அறையை ஒப்பந்தத்திலும் எழுதிவிட்டோம். பிறகு ஏஜெண்டைக் கூப்பிட்டேன்.

நிபோங் திபாலில் வாடகைக்கு ஆள் கிடைப்பது கடினமில்லை. 2014இல் இரண்டாவது பினாங்கு பாலம் திறந்த பிறகு பத்து கவான் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வருபவர்கள் அதிகம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமும் ஊரிலேயே இருக்கிறது. அளவு, அறை, வாடகை எல்லாம் கேட்ட ஏஜெண்ட் கடைசியாகக் கேட்டார்: "எந்த இனத்தாள் வேணும், மேடம்? விளம்பரத்துல போட்டுருவேன்."

எனக்குப் பேச்சே வரவில்லை. வானொலி வேலைக்காகக் கோலாலம்பூருக்கு வந்த புதிதில் அறை தேடி அலைந்தவள் நான். போனில் நன்றாகப் பேசிவிட்டு, பெயரைக் கேட்டதும் "இந்தியர்களுக்கு இல்லை" என்று வைத்தவர்கள் நாலைந்து பேர். இப்போது அதே கேள்வி, மேசையின் மறுபக்கத்திலிருந்து.

அப்பாவிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "மாசா மாசம் காசு கட்டணும். வாசல்ல இருக்குற முருங்கைய வெட்டக் கூடாது. வேற என்னா?"

விளம்பரத்தில் அந்த இரண்டையும்தான் போட்டோம்.

யார் கையெழுத்துப் போடுவது?

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். வீடு அப்பா பெயரில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் அவர்தான் கையெழுத்திட வேண்டும், அல்லது அவர் அதிகாரம் கொடுத்த ஒருவர். இதற்கான அதிகாரப் பத்திரத்தை வழக்கறிஞர் முன்னிலையில் எழுதி, உயர் நீதிமன்றத்தில் பதிய வேண்டும்.

நாங்கள் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம். வழக்கறிஞர் சொன்னதைக் கேட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது. எழுதிக் கொடுப்பவருக்கு விவரம் புரியும் மனநிலை இருக்கும்போதுதான் அந்தப் பத்திரம் செல்லும். நம் சட்டப்படி, பின்னால் அவர் மனநிலைத் திறனை இழந்தால், சாதாரண அதிகாரப் பத்திரமும் செல்லாமல் போய்விடும். அதன் பிறகு 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போய், அவர் சொத்தை நிர்வகிக்க ஆளை நியமிக்கச் சொல்லி மனு போட வேண்டும். அதற்குப் பணமும் ஆகும், மாதங்களும் ஆகும்.

அப்பாவுக்கு அப்போதே சில பெயர்கள் மறக்கத் தொடங்கியிருந்தன. மருத்துவரிடம் காட்டி, விவரம் புரிந்துதான் கையெழுத்திடுகிறார் என்று கடிதம் வாங்கினோம். பத்திரத்தை அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். "வாடகைக்கு விட மட்டும்தானே? விக்கறதுக்கு இல்லையே?" என்று இரண்டு முறை கேட்டார். விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்கவில்லை.

வாடகை நின்ற மூன்று மாதம்

2024 ஏப்ரலில் முதல் குடும்பம் குடிவந்தது. தொழிற்சாலை ஊழியர், மனைவி, கைக்குழந்தை. இரண்டு மாத வாடகை முன்பணம், நீர் மின்சாரத்துக்கு அரை மாதம். ஆறு மாதம் ஒழுங்காக வந்த பணம், நவம்பரில் நின்றது. அவருக்கு வேலை போய்விட்டிருந்தது.

இல்லத்துக்கு மட்டும் மாதம் பிறந்தால் கட்டணம் கட்டியாக வேண்டும். மூன்று மாதம் அந்த 950ஐ என் சேமிப்பிலிருந்து போட்டேன். "மின்சாரத்த வெட்டிவிடு, பூட்ட மாத்திரு" என்று சொன்னவர்கள் உண்டு. 1950ஆம் ஆண்டு குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. சட்டத்தை விடுங்கள், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மின்சாரத்தை வெட்டச் சொன்னால் அப்பா என்னை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார்.

உட்கார்ந்து பேசினோம். ஜனவரி இறுதியில் அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். முன்பணம் இரண்டு மாதத்துக்குச் சரியாகப் போனது. ஒரு மாதம் நட்டம். போகும்போது வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அதில் கற்ற பாடம்: வாடகையை நம்பி இல்லக் கட்டணம் கட்டுபவர்கள், மூன்று மாதக் கட்டணத்தையாவது தனியாக ஒதுக்கி வையுங்கள். வாடகை முழுவதும் கையில் நிற்காது. மதிப்பீட்டு வரி, நில வரி, தீக்காப்புறுதி, ஒழுகும் கூரை, ஆள் இல்லாத மாதம் எல்லாம் போக, ஆண்டுக்கு 11,400 வெள்ளியில் எங்களுக்கு மிஞ்சியது 9,000 சொச்சம்தான்.

கையில் இருக்க வேண்டிய கணக்கு

ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் நிற்காது. முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு விலக்கு இருந்தது; 2025 ஜனவரி முதல் இல்லை. ஓராண்டு ஒப்பந்தம் என்றால் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் ஒரு வெள்ளி. எங்களுக்கு 46 வெள்ளி வந்தது.

வீட்டை அவசரப்பட்டுப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றாதீர்கள். வாடகை அப்பாவின் வருமானமாக இருக்கும்வரை, வேறு வருமானம் இல்லாத அவருக்கு வரி வராத அளவில்தான் அது நிற்கிறது. என் பெயரில் இருந்தால் என் சம்பளத்தோடு சேர்ந்து வரி ஏறும். அதைவிட முக்கியம், அது அவர் வீடு.

பெற்றோரின் மருத்துவம், பராமரிப்புக்காக நாம் கட்டும் பணத்துக்கு 8,000 வெள்ளிவரை வரி விலக்கு உண்டு. பராமரிப்பு தேவை என்று மருத்துவர் உறுதிப்படுத்த வேண்டும். ரசீதை உங்கள் பெயரில் கேட்டு வாங்குங்கள். முதல் ஆண்டு எல்லா ரசீதையும் அப்பா பெயரில் வாங்கிவிட்டு நான் விழித்தேன்.

இல்லம், 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நலத்துறையில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். தாதிமை இல்லம் என்றால் சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும். டயப்பர், பால்மாவு, மருத்துவமனைப் போக்குவரத்து எல்லாம் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா என்று எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு அதற்கே மாதம் 300 வெள்ளிக்குக் குறையாமல் ஆகிறது.

பாக்கி

இப்போது அந்த வீட்டில் இருப்பது நான்கு பொறியியல் மாணவிகள். கிளந்தானிலிருந்து இருவர், சித்தியவானிலிருந்து ஒருவர், சிபுவிலிருந்து ஒருவர். நால்வரும் பங்கிட்டு மாதம் 5ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுகிறார்கள். முருங்கை பூத்தால் படம் எடுத்து அனுப்புவார்கள். அப்பாவிடம் காட்டுவேன். "கம்பளிப்பூச்சி வரும், பார்த்து இருக்கச் சொல்லு" என்பார்.

போன மாதம் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது அந்த 555 புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பக்கம். வாடகை 950. கட்டணம் 2,200. அதற்குக் கீழே, "பாக்கி: தம்பிக்கு 650, பாப்பாவுக்கு 600." எல்லாப் பக்கத்திலும் அப்படியே. நாங்கள் போடும் பணத்தை, தான் திருப்பித் தர வேண்டிய கடனாக எழுதி வைத்திருக்கிறார். வாடகை வராத அந்த மூன்று மாதத்தை அவருக்குத் தெரியாமல் சமாளித்ததாக நினைத்திருந்தேன். அந்தப் பக்கங்களில் என் பெயருக்கு நேரே 1,550 என்று இருந்தது. அண்ணன் சொல்லியிருக்க வேண்டும்.

எழுந்ததும் கேட்டேன். "ஏன்ப்பா இதெல்லாம் எழுதுறீங்க? நாங்க என்னா கடையா வச்சிருக்கோம்?"

"எழுதி வச்சாதான் கணக்கு," என்றார். "எனக்கு இப்பல்லாம் மறந்து போவுதுல்ல."

அண்ணனிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுதட்டும் விடு" என்றார். வீட்டை விற்கும் பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. ஒருநாள் எடுக்க வேண்டியும் வரலாம். அப்பாவின் உடம்பு இன்னும் தளர்ந்தால் 2,200 வெள்ளி போதாது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். அந்த நாள் வந்தால், முதலில் அவரிடம்தான் கேட்போம்.

கிளம்பும்போது அந்தப் புத்தகத்தில் நான்கே பக்கம் மீதி இருந்ததைப் பார்த்தேன். அடுத்த முறை வரும்போது புதிதாக ஒன்று வாங்கி வர வேண்டும்.