அந்தமான்: மறக்கப்பட்ட காய்ச்சலும் மருத்துவ மாணவர்களின் ஆய்வும்

புது தில்லி: அந்தமான் தீவுகளில் 1988-ம் ஆண்டு தொடங்கி, பருவமழை ஓய்ந்து நெல் அறுவடை நெருங்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒரு காய்ச்சல் தலைகாட்டியது. கடும் உடல்வலியுடன் தொடங்கி, சிலருக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்து உயிரையே பறித்தது. காரணம் புரியாத நிலையில், "அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்" என்றே அதற்குப் பெயர் வைத்தனர்.

வடக்கு அந்தமானின் டிக்லிபூர் பகுதியில் 1993-ல் அந்நோய் மீண்டும் பரவியபோதுதான் மர்மம் விலகியது. போர்ட் பிளேரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1983-ல் நிறுவிய மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ்.சி. சேகல் தலைமையிலான குழுவினர், அது லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் எலிக் காய்ச்சலே என உறுதி செய்தனர். எலி, கால்நடை ஆகியவற்றின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தேங்கிய நீரிலும் வெறுங்காலுடன் இறங்கும் உழவர்களைத் தாக்கும் நோய் அது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்துகளால் குணப்படுத்திவிடலாம்.

வியப்பு என்னவெனில், இது புதிய கண்டுபிடிப்பே அல்ல. அந்தமான் தண்டனைக் குடியிருப்பாக இருந்த காலத்திலேயே, டெய்லர், கோயல் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் இத்தீவுகளில் எலிக் காய்ச்சல் இருப்பதைக் கண்டறிந்து 1931-ல் விரிவான அறிக்கை வெளியிட்டுள்ளனர். அதற்கும் முன்பே, 1903-ல், போர்ட் பிளேரில் காணப்பட்ட மஞ்சள் காமாலை பற்றி "இந்தியன் மெடிக்கல் கெசட்" இதழில் குறிப்பு வந்துள்ளது. ஆய்வாளர்கள் வந்தனர், எழுதினர், திரும்பிச் சென்றனர். அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதே நோய்க்குப் புதுப்பெயர் சூட்டும் நிலை ஏற்பட்டது. ஆண்டுதோறும் புதிய மாணவர்களுக்குப் பாடம் சொல்லி, பழைய அறிக்கைகளைப் புரட்டிப் பார்க்க வைக்கும் ஒரு மருத்துவக் கல்லூரி அப்போது தீவுகளில் இல்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

அந்தக் குறை 2015-ல்தான் நீங்கியது. போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனையுடன் இணைந்து, அந்தமான் நிகோபார் தீவுகள் மருத்துவ அறிவியல் நிறுவனம் அவ்வாண்டு தொடங்கப்பட்டது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற இக்கல்லூரிதான் தீவுகளின் முதல் மருத்துவக் கல்லூரி. அதுவரை டாக்டராக விரும்பிய தீவு இளைஞர்கள் கடல் கடந்தே படிக்க வேண்டியிருந்தது. (போர்ட் பிளேர் நகருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது.)

இரண்டு மாத வாய்ப்பு: மருத்துவம் பயிலும் இளநிலை மாணவர்கள் படிக்கும்போதே ஆய்வில் ஈடுபடுவதற்காக ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்தை நடத்தி வருகிறது. மாணவர் தம் கல்லூரி ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு ஆய்வுத் திட்டத்தைத் தில்லிக்கு அனுப்ப வேண்டும். தேர்வு பெற்றால் இரண்டு மாதம் ஆய்வு நடத்தி அறிக்கை அளிக்கலாம்; அறிக்கை ஏற்கப்பட்டால் உதவித்தொகையும் சான்றிதழும் உண்டு. சொந்தக் கல்லூரி வந்த பிறகு, தீவு மாணவர்களும் தம் மண்ணில் இருந்தபடியே இத்திட்டத்தில் பங்குபெற வழி ஏற்பட்டுள்ளது.

இரண்டு மாதத்தில் பெரிய மருந்துச் சோதனை எதையும் நடத்த முடியாது என்பது உண்மைதான். எலிக் காய்ச்சலைத் தடுக்க, வாரம் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுத்துப் பார்க்கும் சோதனையை மண்டல மையம் அந்தமானில் 782 பேரிடம் நடத்தியது. 2000-ல் வெளியான அதன் முடிவுகளின்படி, மருந்து உட்கொண்டவர்களில் 3.11 சதவீதம் பேரும், உட்கொள்ளாதவர்களில் 6.82 சதவீதம் பேரும் நோயுற்றனர். கிருமி உடலில் புகுவதை மருந்து தடுக்கவில்லை. நோயாக முற்றுவதையே குறைத்தது. இத்தகைய பணிக்கு நிபுணர் குழு வேண்டும்.

ஆனால் நோயாளியின் நலன் சார்ந்த பல கேள்விகளுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. காய்ச்சல் கண்ட எத்தனையாவது நாளில் உழவர் மருத்துவமனைக்கு வருகிறார்? இடையில் யாரிடம் மருந்து வாங்கினார்? கிரேட் நிகோபாரில் உள்ள கேம்ப்பெல் பேயிலிருந்து கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ தலைநகருக்குக் கொண்டுவரப்படும் நோயாளியுடன் வருபவர் எங்கே தங்குகிறார், எத்தனை நாள் கூலியை இழக்கிறார்? மேல்சிகிச்சைக்காகச் சுமார் 1,190 கி.மீ. கடல் தாண்டிச் சென்னைக்கு அனுப்பப்பட்டவர் திரும்பி வந்தபின் மருந்தைத் தொடர்கிறாரா? கையில் ஒரு வினாத்தாளும், நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து அவரது மொழியில் பேசும் பொறுமையும் இருந்தால் மாணவரே விடை காணலாம். வங்காளி, இந்தி, தமிழ், தெலுங்கு, நிகோபாரி என ஒரே வார்டில் ஐந்து மொழிகள் ஒலிக்கும் இத்தீவுகளில், உள்ளூர் மாணவருக்கு உள்ள இந்த அனுகூலம் வெளியூர் நிபுணருக்குக் கிடையாது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் மட்டுமே 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 15 சதவீதம் பேர்.

சுனாமி தந்த கணக்கு: 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் தீவுகளுக்கு விரைந்த பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனக் குழுவினரின் ஆய்வு, இத்தகைய பணி எவ்வளவு பயன் தரும் என்பதற்குச் சான்று. போர்ட் பிளேரில் 12 முகாம்களில் தங்கியிருந்த 4,684 பேர் சொந்தத் தீவை விட்டு இடம்பெயர்ந்தவர்கள். கார் நிகோபாரின் 62 முகாம்களில் இருந்த 8,100 பேர் சொந்த மண்ணை விட்டு நீங்காதவர்கள். முகாமில் மனநல உதவி நாடி வந்தவர்களைப் பரிசோதித்ததில், இடம்பெயர்ந்தோரில் 5.2 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 2.8 சதவீதம் பேருக்கும் மனநலப் பாதிப்பு தெரியவந்தது. உதவி கேட்டு வராதவர்கள் இக்கணக்கில் சேரவில்லை. இருப்பினும், பேரழிவுக்குப் பின் மக்களை அப்புறப்படுத்துவதா, சொந்த ஊரிலேயே தங்கவைத்து உதவுவதா என்று முடிவெடுக்கும் அதிகாரிகளுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை இருக்க முடியாது.

நிகோபாரிகளின் கூட்டுக்குடும்ப வாழ்க்கை தொடக்க மாதங்களில் அவர்களுக்குப் பெரும் பலமாக இருந்ததையும் அக்குழு பதிவு செய்தது. "துஹெட்" எனப்படும் அக்குடும்ப அமைப்பு, பின்னர் நிவாரணத் தொகையும் வீடுகளும் தனித்தனிக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டதால் தளர்ந்தது என மானுடவியலாளர்கள் எழுதியுள்ளனர். அதன் விளைவு நோயாளிகளிடம் எப்படி வெளிப்படுகிறது என்பது, முகாம்கள் கலைந்தபின் தீவிலேயே இருப்பவர்கள் ஆராய வேண்டிய பொருள். கார் நிகோபாரில் வயது வந்த பழங்குடியினரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாக 2011-ல் வெளியான ஆய்வு ஒன்றும் கூறுகிறது. ஒருமுறை ஊசி போட்டுத் தீர்க்கும் நோயல்ல அது. ஆயுள் முழுவதும் மாத்திரை, உப்புக் கட்டுப்பாடு, தொடர் கண்காணிப்பு வேண்டும். இளநிலை மாணவர்கள் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக் காலத்தில் அவர்களது உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் முறையைத் தேசிய மருத்துவ ஆணையம் நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. அம்முறைக்குத் தீவுகளைவிடப் பொருத்தமான களம் அரிது.

எல்லைகளும் உண்டு: ஆர்வம் இருக்கிறது என்பதற்காக மாணவர்கள் எங்கும் நுழைந்துவிட முடியாது. 1956-ம் ஆண்டு பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, காப்புப் பகுதிகளுக்குள் செல்ல நிர்வாகத்தின் அனுமதி கட்டாயம். ஜாரவாக்கள் வெளியுலகத் தொடர்புக்கு வந்த சிறிது காலத்தில், 1999-ல், அவர்களிடையே தட்டம்மை பரவியதை நிர்வாகம் மறக்கவில்லை. மாணவர் ஆய்வாயினும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி அவரது சம்மதத்தையும் பெற வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின் அடிப்படை. காய்ச்சலில் தவிக்கும் ஒருவர் வெள்ளைக் கோட்டைக் கண்டதும் தலையாட்டிவிடுவது சம்மதம் ஆகாது.

காலமும் ஒரு சிக்கல். திட்டத்தின் அட்டவணை தில்லியில் வகுக்கப்படுகிறது. காய்ச்சலின் பருவத்தை டிக்லிபூர் வயல்கள் தீர்மானிக்கின்றன. இரண்டும் ஒரே மாதங்களில் அமைய வேண்டும் என்பதில்லை. அடுத்தடுத்த ஆண்டு மாணவர்கள் ஒரே கேள்வியை வெவ்வேறு மாதங்களில் தொடர்ந்து ஆராய்ந்தால் இதைச் சமாளிக்கலாம். அதற்கு முந்தைய மாணவரின் அறிக்கை அடுத்தவர் கைக்குக் கிடைக்க வேண்டும். மாணவர்களின் அறிக்கைகள் தில்லிக்கு அனுப்பப்படுகின்றன. அவற்றின் பிரதியைத் தீவுக் கல்லூரி நூலகத்திலும், அருகிலேயே உள்ள மண்டல ஆராய்ச்சி மையத்திலும் வரிசைப்படுத்தி வைக்கச் செலவு அதிகம் ஆகாது.